பேர் சொன்னவர்கள்

பதிவில் ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது.

நப்லா அதை முதலில் தன்னுடையது என்றுதான் நினைத்தாள். ஒரு வசனம் முடிந்து மறு வசனம் தொடங்குவதற்குள் வாசிப்பவர் மூச்செடுப்பது வழக்கம். அந்த இடத்திலும் அவளுடைய மூச்சு, மூக்கால் எடுத்த சின்ன மூச்சு, தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு, அவள் வாய் திறப்பதற்குச் சற்று முன்னால், இன்னொன்று. எடுக்கிற மூச்சல்ல, விடுகிற மூச்சு. ஆழமானது, அவசரமில்லாதது, நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் உட்கார்ந்தபடியே விடுவது போன்றது. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அது அவளுடைய பிடரிக்குப் பின்னால் கேட்டது.

அவள் வாசிக்கும் அறை நெல் அறை. அட்டாளைச்சேனை வயலில் இருந்து போகத்துக்குப் போகம் வரும் மூட்டைகளை அவளுடைய கணவன் றிபாத் மூன்று சுவர்களோடும் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தான். புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது, கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாக இருந்த அந்த வீட்டில் சத்தம் புகாத இடம் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். நடுவில் ஒரு கம்பளம், ஒரு குட்டை மேசை, ஒரு ஒலிவாங்கி. கதவைச் சாத்திவிட்டால் கடல் இரைச்சலும் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டும் சந்தியில் கூடி நிற்கும் பொடியன்களின் கூச்சலும் உமிக்குள் அமிழ்ந்துவிடும். நெல்லின் வெதுவெதுப்பான வாசம் மட்டும் மிஞ்சும். றிபாத் பொத்துவிலில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்தான்; வியாழன் இரவு வந்து வெள்ளி பின்னேரம் போய்விடுவான். மகள் அஸ்பியா பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸாவுக்கு ஓதப் போய், பொழுது சாய்ந்து மஃரிபுக்குத் திரும்புவாள். இடையில் கிடைக்கும் அந்தப் பொழுதுதான் நப்லாவின் வேலை நேரம்.

பதிவுகளைத் திருத்தும் றொமால்ட் மறுநாள் தொலைபேசியில் அழைத்தான்.

“அக்கா, நீங்க பக்கத்தில ஆரையும் வச்சிக்கொண்டா வாசிக்கிறீங்க?”

“ஆர் இரிக்கிற தம்பி? மகளும் ஓதப் போயிடுவா. நானும் நெல்லும்தான்.”

“அப்ப நெல்லுத்தான் மூச்சு விடுது. நல்லாக் காய வைக்கச் சொல்லுங்க அண்ணனை.” அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “வெட்டிப் பார்த்தன் அக்கா. உங்கட குரலை எடுத்தாலும் அது கிடக்குது,” என்றான்.

புத்தகம் ஒரு ஜப்பானியப் பிரபுவின் வாழ்க்கை. பிரபுக்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு நாட்டைப் பங்கு போட்ட காலத்தில் வாழ்ந்த, தொகுரா மொரிதக்கா என்ற சாமுராய்த் தலைவன். நப்லாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டிப் படிக்கமாட்டாள். கேட்பவர்களோடு சேர்ந்து தானும் புதிதாக அறிந்தால்தான் குரலில் உயிர் இருக்கும் என்று நம்பினாள்.

மொரிதக்காவை ஆறு வயதில் அவனுடைய தகப்பன் எதிரியின் மலைக்கோட்டைக்குப் பணயமாக அனுப்பினான். அஸ்பியாவின் வயது. அந்த வரியை வாசித்தபோது நப்லாவின் குரல் தானாகத் தணிந்தது. மரச் சட்டங்கள் வைத்த ஓர் அறையில் பிள்ளையை அடைத்தார்கள். கோட்டையின் அடுக்களையில் வேலை செய்த ஒரு பெண், இரவில் பானை அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி, உப்புக் கையால் உருண்டை பிடித்து, சட்டங்களுக்கு இடையால் அவனுக்குக் கொடுத்தாள். தகப்பன் உடன்படிக்கையை மீறிப் படை திரட்டினான். பிள்ளையைக் கொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. அன்றைக்கு அதே பெண் அவனை வெற்று அரிசிக் கோணிக்குள் போட்டு மலையடிவாரத்துக்குச் சுமந்து போய் விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை யாருடைய மடியிலும் ஏறவில்லை. வளர்ந்தான். தன்னை மீட்க வராத அண்ணனைக் கொன்று அவனுடைய இடத்தில் அமர்ந்தான். சரணடைந்த ஊர்களையும் எரித்தான். ஒவ்வொரு போருக்குப் பிறகும், கவசத்தைக் கழற்றாமல், அடியில் இரண்டு நீளச் சட்டங்கள் வைத்த ஒரு மடக்கு இருக்கையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான்.

‘அவன் உட்கார்ந்தால் அசைய மாட்டான்’ என்று புத்தகம் சொன்னது. அன்றைக்குத்தான் நப்லா கம்பளத்தைக் கவனித்தாள். அவள் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இரண்டு அழுத்தத் தடங்கள் இருந்தன. நேராக, நீளமாக, ஒன்றுக்கொன்று இணையாக, பாரமான எதையோ வைத்து எடுத்தது போல. கையால் தடவி நிமிர்த்தினாள். மறுநாள் அவை மீண்டும் இருந்தன. இன்னும் ஆழமாக. இன்னும் கிட்ட.

வாசமும் மாறியிருந்தது. நெல் வாசத்துக்கு அடியில் ஈர இரும்பின் வாசம். அதற்கும் அடியில் ஏதோ புகை. சாம்பிராணியல்ல, ஊதுபத்தியும் அல்ல, அவள் அறிந்த எந்த நல்ல காரியத்திலும் புகைக்காத ஒன்று. ஆளில்லாத அறைக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்லித்தான் நுழைவது அவளுடைய வழக்கம். இப்போதும் சொன்னாள். முன்பெல்லாம் அந்த ஸலாத்துக்குப் பிறகு அறை சும்மா இருக்கும். இப்போது அப்படியில்லை. அறை அதைக் கேட்டுக்கொண்டது. வேண்டாதவர் முகத்தில் அடித்தாற்போல் பேசாமல் இருப்பதுண்டே, அப்படிப் பேசாமல் இருந்தது.

அவள் காவலுக்காக ஆயத்துல் குர்ஸி ஓதினாள். நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தாள். ஆனால் அவள் மனதில் அந்த அடுக்களைப் பெண் உட்கார்ந்திருந்தாள். பானை அடிச் சோறென்றாலும் இரக்கத்தோடு கொடுத்தது ஒருபோதும் வீணாகாது. எவ்வளவு கல் மனம் என்றாலும் கடைசியில் அந்த உருண்டை போய் அங்கே தட்டியே தீரும். நப்லா இதை நம்பி வாழ்பவள். மொரிதக்கா மனம் திரும்பும் இடத்தை வாசித்துவிட்டால் அறையும் நெகிழ்ந்துவிடும் என்று எண்ணினாள்.

கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் மொரிதக்கா அதே மலைக்கோட்டையைப் பிடித்தான். உள்ளே இருந்தவர்களை ஒவ்வொருவராக வாசலால் வரச் சொன்னான். வாசலில் அந்த மடக்கு இருக்கையைப் போட்டு அமர்ந்து, வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டான். யார்? பேரையும் தகப்பன் பேரையும் சொன்னவர்களை ஒரு பக்கமாக நிற்க வைத்தார்கள். கடைசியாக, புகையில் கண் சிவந்த ஒரு கிழவி வந்தாள். யார்? ‘நான்தான்,’ என்றாள் அவள். ‘உங்களுக்குச் சோறு தந்தவள்.’ பிரபு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தியாயம் அங்கே முடிந்தது.

அன்றிரவு சோற்றைப் பிசைந்து மகளுக்கு ஊட்டிக்கொண்டே நப்லா அந்தக் கதையைச் சொன்னாள். கொலைகளை விட்டுவிட்டு, பிள்ளைக்குத் தகுந்த மாதிரி.

“அவ ஏன் பேரச் செல்லல்ல உம்மா?”

“பாவம், ஆரும் படிச்சுக் குடுக்கல்ல போல.”

“செல்லியிருந்தா?”

“செல்லியிருந்தா மத்தவங்களோட சேத்து ஒரு பக்கமா நிப்பாட்டிக் காப்பாத்தியிருப்பாங்க. அதுக்குத்தானே நான் உனக்குச் செல்ற? கதவத் தட்டினா முதல்ல என்ன?”

“ஸலாம்.”

“யாரு எண்டு கேட்டா?”

“நான் எண்டு செல்லப்படா. பேரச் செல்லணும். அது மார்க்கத்தில இரிக்கி.”

“என்ட தங்கம். வாப்பாட பேரையும் சேத்துச் செல்லணும்.”

அஸ்பியாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. எழும்பிக் கைகழுவிவிட்டு வெளியே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு தட்டினாள். “அஸ்ஸலாமு அலைக்கும்!” உள்ளே இருந்து நப்லா, “வஅலைக்குமுஸ்ஸலாம், யாரு?” என்றாள். “அஸ்பியா. றிபாத்திட மகள் அஸ்பியா.” கதவு திறந்தது, சிரிப்பு. மறுபடி ஓடினாள், மறுபடி தட்டினாள். நப்லா சோற்றுக் கோப்பையை எடுக்கத் திரும்பியிருந்தாள், வாய் திறக்கவில்லை.

“அஸ்பியா. றிபாத்திட மகள் அஸ்பியா,” என்றது கதவுக்கு வெளியே இருந்த குரல்.

“நான் இன்னும் கேக்கல்லயே, கள்ளி!”

“கேட்டீங்கதானே உம்மா?” கதவைத் தள்ளிக்கொண்டு பிள்ளை எட்டிப் பார்த்தது. “தடிச்ச குரல்ல. பொய்க்கு வாப்பா மாதிரிப் பேசி.”

நப்லா நெல் அறையைப் பார்த்தாள். சாத்திய கதவு ஒரு விரலளவு திறந்திருந்தது.

அன்றைக்குப் பிள்ளையை அணைத்தபடியே படுத்தாள். ஓத வேண்டியதெல்லாம் ஓதினாள். காலையில் றொமால்டுக்கு அழைத்தாள்.

“தம்பி, கடைசி அத்தியாயத்த வேற ஆரையும் கொண்டு வாசிக்க ஏலாதா?”

“குரல் மாறினா கேக்கிறவங்க ஏசுவாங்க அக்கா. ஒரே ஒரு அத்தியாயம். வாசிச்சு அனுப்பிட்டு நிம்மதியா இருங்க.”

ஒரே ஒரு அத்தியாயம். அதில்தான் மொரிதக்கா மனம் திரும்ப வேண்டும். நப்லா தன்னால் முடிந்த காவல்களைச் செய்தாள். அன்றைக்கு ஓதி முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல், அடுத்த வளவில் இருக்கும் றஞ்சிதமலர் அன்ரி வீட்டில் இருக்கும்படி மகளிடம் சொன்னாள். “நான் வந்து கூட்டிக்கொண்டு வாற வரைக்கும் அங்கதான் இரிக்கணும். விளங்கிச்சா?” “ஓம் உம்மா.” முன் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். கைபேசியைச் சத்தம் வராமல் வைத்தாள். நெல் அறைக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னாள். உள்ளே போனாள்.

வெளியே மார்கழி மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே அது கேட்கவில்லை. மேசையில் புத்தகம் திறந்திருந்த டெப்பின் வெளிச்சம் மட்டும். பிஸ்மில்லாஹ் சொல்லி வாசிக்கத் தொடங்கினாள்.

‘பேர் சொன்னவர்களை அன்றிரவே வெட்டினார்கள்.’

அவள் குரல் தடுமாறியது. நிறுத்தவில்லை. கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

வெட்டிய தலைகளைப் பாளையத்துப் பெண்கள் கழுவினார்கள். தலைமுடியைச் சீவி உச்சியில் இழுத்துக் கட்டினார்கள். முகத்துக்கு வாசனைப் புகை பிடித்தார்கள். பல்லுக்குக் கறுப்பு மை பூசினார்கள். உரியவரின் பேரை எழுதிய ஒரு மரத்துண்டை முடியில் கட்டினார்கள். பிறகு வரிசையாக வைத்தார்கள். பிரபு கவசத்தோடு மடக்கு இருக்கையில் அமர்ந்து, இடக் கண்ணின் ஓரத்தால் ஒவ்வொன்றையும் ஒருமுறை பார்த்தான். ஒருமுறைதான். பேர் இல்லாத தலையை அவன் முன்னால் வைக்க முடியாது. அது முறையல்ல.

அடுக்களைக் கிழவிக்குப் பேர் தெரியவில்லை. தகப்பன் பேரும் தெரியவில்லை. அவளை என்ன செய்வதென்று காவலாளிகளுக்கு விளங்கவில்லை. விடியற்காலையில் அவள் திறந்து கிடந்த வாசலால் நடந்து போனாள். மலையிறங்கினாள். அதன் பிறகு அவளை யாரும் காணவில்லை.

‘நான்’ என்றவள் பிழைத்துவிட்டாள்.

  நப்லா நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மழைகூடக் கேட்கவில்லை. மீண்டும் வாசித்தாள்.

அந்த ஒருத்தி எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்பதைப் பிரபுவால் தாங்க முடியவில்லை. ஒரு கவளம் சோற்றுக்காக அவன் தலை குனிய வேண்டிய ஒருத்தி. அவளுக்காகத் தலைகளின் வரிசையில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டான். அடுத்த போரிலும் விட்டான். மூப்பிலும் கவசத்தைக் கழற்றவில்லை. ஊர் வீடுகளுக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வான். யாராவது வந்து தட்டினால், உள்ளே இருந்து யார் என்று கேட்பான். புத்தகத்தின் கடைசி வரி இதுதான்: ‘அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.’

மனம் திரும்பவில்லை. எங்கும் திரும்பவில்லை.

பதிவை நிறுத்தினாள். கைபேசியைத் திருப்பினாள். றஞ்சிதமலரின் செய்தி ஒன்று வந்து கிடந்தது. ‘புள்ள, நான் கோயில்ல கிறிஸ்மஸ் கரோலுக்கு நிக்கிறன். மழைக்கு மத்ரஸா நேரத்தோட விட்டுட்டாங்களாம். அஸ்பியா வந்தா உங்கட வீட்டிலயே வச்சிக்கோங்க.’

ஹெட்போனை மாட்டினாள். பதிவைப் பின்னோக்கி ஓட்டினாள். தண்ணீர் குடிக்க நிறுத்திய இடம்.

கோப்பை மேசையில் படும் சத்தம். விழுங்கும் சத்தம்.

தூரத்தில், தட்டு. மூன்று சின்னத் தட்டு.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

பதில் ஸலாம் இல்லை. தகட்டின்மேல் தகடு உரசியது. ஒலிவாங்கிக்கு மிகக் கிட்ட, அவள் காதுக்கும் பிடரிக்கும் நடுவில், அந்தக் குரல்.

“யார்?”

“அஸ்பியா. றிபாத்திட மகள் அஸ்பியா.”

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

அதற்குப் பிறகு நப்லாவின் குரலே, அமைதியாக, அழகாக, வாசித்துக்கொண்டு போனது.

ஹெட்போன் கீழே விழுந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கரண்ட் இல்லை. முன் கதவு அகலத் திறந்து கிடந்தது. மழை உள்ளே அடித்தது. வாசலில் சின்னச் செருப்பு ஒரு சோடி. சோடி சேர்த்து வைத்தபடி. அவள் சொல்லிக் கொடுத்தபடி. ஓதும் பை கொளுக்கியில் தொங்கியது.

“அஸ்பியா!”

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. வாளி நிறைய நீர். நிலத்தில் சீப்பு. சீப்பில் ஈர முடி. அந்தப் புகை வாசம் வெந்நீரின் ஆவி போல அடர்ந்து நின்றது.

ஈரத் தடம் குளியலறையில் இருந்து போனது. பிள்ளையின் காலடி அல்ல. சொட்டு. சொட்டு. சொட்டு. எதையோ ஏந்திக்கொண்டு போனது போல.

நெல் அறை வரைக்கும்.

அவள் திறந்துவிட்டு வந்த கதவு இப்போது சாத்தியிருந்தது.

கை தானாக உயர்ந்தது. தட்டியது. வாயில் ஸலாம் வரவில்லை.

“யார்?”

பிறந்த நாள் முதல் பழகிய நாக்கு. பேர் நுனிவரை வந்துவிட்டது. கடித்தாள். உப்பு ருசித்தது.

“நான்,” என்றாள். “நான்தான். சோறு... பிள்ளைக்குச் சோறு தாறவ.”

உள்ளே மூச்சு. நீண்ட, கசந்த மூச்சு. தகடுகள் உரசின. யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கதவு திறந்துகொண்டது.

மூட்டைகளின்மேல் ஒரு நிழல். கொம்பு வைத்த தலைக்கவசம். நிமிர்ந்த முதுகு. அது அவளைப் பார்க்கவில்லை. பேர் சொல்லாதவளுக்கு அங்கே இடமில்லை.

குட்டை மேசையில் டெப் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அஸ்பியாவின் முகம். கழுவித் துடைத்த முகம். ஈர முடியைப் படியச் சீவி உச்சியில் இழுத்துக் கட்டியிருந்தது. அதில் ஒரு சின்ன மரத்துண்டு தொங்கியது. அது மெல்லச் சுழன்று நின்றது. அதில் தமிழில் எழுதியிருந்தது. தகப்பன் பேரையும் சேர்த்து.

பிள்ளை உம்மாவைப் பார்த்துச் சிரித்தது. பற்கள் கறுப்பு.

“யாரெண்டு கேட்டாங்க உம்மா. பேரச் சென்னன்.”

கழுத்துக்குக் கீழே இருட்டாக இருந்தது.